எமன் கையில் எதற்கு அரிவாள்?

இறுதியாண்டு அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்கள் அனிமேட்டிக்குகளைப் பார்க்க நடுவராக வந்திருந்த மூன்று பேரில், கடைசி நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். பதினொரு படம் போட்டீர்கள். அதில் ஏழு, செத்தவர்களின் உலகத்தில் நடக்கிறது. ஏழில் நான்கில் எலும்புக்கூடுகள் கிட்டார் வாசிக்கின்றன. அந்த நான்கிலும் ஆரஞ்சுப் பூவால் ஆன பாலம் ஒன்று வருகிறது. இரண்டில் கறுப்பு முக்காடு போட்ட ஒருவன் ஆளுயர அரிவாளோடு மூடுபனியிலிருந்து இறங்குகிறான். வானம் எல்லாவற்றிலும் ஊதா. அங்கேயே ஏதாவது சொல்லியிருந்தால் அது மதிப்பெண்ணாகி முடிந்திருக்கும். அதனால்தான் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். உங்கள் வகுப்பை வைத்துத் தொடங்கினாலும், இது உங்கள் வகுப்புக்கு மட்டுமான கடிதம் இல்லை. நான் நடுவராகப் போகிற எல்லா ஊரிலும் அதே ஊதா வானம்தான்.

உங்களைக் குறை சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மாணவர் படத்திலும் அந்த முக்காடு போட்டவன் வந்தான். நாற்பது நொடிப் படம். அவன் அங்கி காற்றில் ஆட வேண்டும் என்பதற்காக இரண்டு மாதம் தூங்கவில்லை. விடுமுறையில் மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊருக்கு சி.பி.யு.வையும் மானிட்டரையும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய், திண்ணையை ஒட்டின அறையில் அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது. “ஏத்தா, இவன் எந்தூரு அறுப்புக்காரன்? இந்த வெயில்ல கருப்புப் போர்வையைப் போத்திக்கிட்டு எங்கிட்டு அறுக்கப் போறான்?”

“அது எமன், அப்பத்தா.”

“எமன் கையில என்னத்துக்கு அருவா? அவன்கிட்டக் கயிறுல்ல இருக்கும். எருமை எங்க?”

நான் சிரித்து மழுப்பினேன். அப்பத்தா விடவில்லை. என் அய்யா, அதாவது அப்பத்தாவின் வீட்டுக்காரர், இறந்த இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட்டு, அவர் தலை இருந்த இடத்தில் ஒரு விளக்கும் ஒரு செம்பு நிறையத் தண்ணீரும் வைத்தார்களாம். அப்பத்தா இரவு முழுக்கக் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்து அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்ததாம். விடியற்காலை ஒரு கணம் கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் தண்ணீர் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. “பாவம், தாகத்தோடதான் போயிருக்காக. பூனை குடிச்சிருக்கும்னு உங்க சின்னத்தாத்தா சொன்னாரு. நம்ம வீட்டுல அப்பப் பூனையே இல்ல.”

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி அப்பத்தா என்று சொல்லிவிட்டு, முக்காட்டுக்காரனின் நிழல் தரையில் சரியாக விழவில்லையே என்று திரும்பவும் மானிட்டரைப் பார்த்தேன். ஒரு முழுப் படம் என் காதருகே வந்து போயிற்று. வீடு, விளக்கு, செம்பு, தூங்கிவிட்ட மனைவி. எடுக்க ஒரே ஓர் அறை போதும். எனக்கு அது படமாகவே தெரியவில்லை. ஏனென்றால் செத்தவர்களின் உலகம் என்பது வேறு எங்கோ, நான் பார்த்த டிவிடிகளுக்குள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த அரிவாள்காரன் பொய்யானவன் இல்லை. ஐரோப்பாவில் நீளப்பிடி அரிவாளால் கோதுமை அறுத்த மக்கள், கொள்ளைநோயில் ஊர் ஊராகச் செத்து விழுந்தபோது சாவை ஓர் அறுப்புக்காரனாகக் கண்டார்கள். அவர்கள் வயலிலிருந்து எழுந்து வந்தவன் அவன். என் அப்பத்தா அவனைச் சரியாகத்தான் அடையாளம் கண்டது.

எலும்புக்கூடும் அப்படித்தான். மெக்சிகோவின் அந்தத் தொப்பி வைத்த எலும்புச் சீமாட்டியை ஏறக்குறைய 1910இல் செதுக்கியவர் ஹொசே குவாதலூப்பே பொசாதா என்கிற அச்சுச் சித்திரக்காரர். சொந்த வேரை மறைத்து ஐரோப்பியச் சீமாட்டியாக வேஷம் போடுகிறவர்களைக் கிண்டல் செய்யப் போட்ட படம் அது. அதையே நாம் எடுத்து வேஷமாகப் போட்டுக்கொள்வதை அந்த மனிதர் பார்த்தால் இன்னொரு தகடு செதுக்கியிருப்பார். 2013இல் அந்த ஊரின் ‘இறந்தோர் நாள்’ திருநாளின் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய டிஸ்னி விண்ணப்பித்தது. மக்கள் கொதித்தார்கள், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். எதிர்த்துக் கேலிச்சித்திரம் போட்டவரையே பிறகு ‘கோகோ’ படத்துக்கு ஆலோசகராக அழைத்துக்கொண்டார்கள். 2017இல் ‘கோகோ’ வருவதற்குள் பிக்சார்காரர்கள் பலமுறை மெக்சிகோ போய், வீட்டுப் படையல்களுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நீங்கள் ‘கோகோ’வைப் பார்த்தீர்கள். அவர்கள் எதைப் பார்த்தார்களோ அதைப் பார்க்கவில்லை. உங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் மென்பொருளில் இல்லை.

‘மாணவர்களால் முடியுமா மேம்’ என்று கேட்காதீர்கள். அதே 2013இல், ‘கோகோ’வுக்கு நான்கு ஆண்டு முன்பே, அமெரிக்காவின் ரிங்லிங் கல்லூரி மாணவர்கள் தாயை இழந்த ஒரு சிறுமி இறந்தவர்களின் உலகத்துக்குப் போய்வருவதை மூன்று நிமிடப் படமாக எடுத்து, ஆஸ்கார் அகாதமியின் மாணவர் விருதைத் தங்கப் பதக்கத்தோடு வாங்கினார்கள். மூன்று நிமிடம், ஒரு சிறுமி, ஒரு அம்மா. உங்களில் ஒருவர் அதே மூன்று நிமிடத்துக்குள் ஏழு உலகமும் ஒரு போரும் வைத்திருந்தீர்கள்.

பூப்பாலத்தைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. அந்த ஆரஞ்சுப் பூ நம்மூர்ச் செண்டுமல்லிதான். மெக்சிகோவிலிருந்து கப்பலேறி வந்து, நம் சாவு ஊர்வலங்களில் ரோட்டில் உதிர்ந்து கிடக்கிற அதே பூ. அவர்கள் அதை வழிகாட்டியாகப் போடுகிறார்கள். நாம் எடுத்துக்கொண்டு போகும்போது வழியெல்லாம் பிய்த்துப் போடுகிறோம். அது திரும்பி வரச் சொல்லும் வழியா, போகச் சொல்லும் வழியா? உங்களில் ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் உங்கள் பாலத்தை நான் மன்னித்திருப்பேன்.

எலும்புக்கூட்டின் மேல் இவ்வளவு ஆசை ஏன் என்று எனக்குத் தெரியும். முடி இல்லை, துணி குறைவு, முகத்தில் சதை இல்லாததால் ரிக் போடுவது சுலபம். நானும் இந்தத் தொழிலில்தான் சோறு தின்கிறேன், ஏமாற்ற முடியாது. சரி, எலும்புதான் வேண்டுமென்றால் நம்மிடம் இல்லாத எலும்பா? காரைக்கால் அம்மையாரைப் பாருங்கள். அழகை உதறிவிட்டுப் பேயுருவை வேண்டி வாங்கியவர். கயிலைக்குக் காலால் நடக்கக் கூடாதென்று தலையால் நடந்து போனார் என்கிறது பெரிய புராணம். தலையால் நடக்கும் நடைக்கு ஒரு வாக் சைக்கிள் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். விலா எலும்பு தெரிய, தொங்கிய மார்போடு, கையில் தாளத்தோடு சிரிக்கிற அவருடைய சோழர் காலச் செப்புச்சிலை ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெரிய சிவன் கோயில் எதிலாவது அறுபத்துமூவர் வரிசையில் தேடுங்கள். எல்லோரும் நிற்க, அவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

கலிங்கத்துப்பரணியைப் பாட்டாகப் படிக்க முடியாவிட்டால் உரையையாவது படியுங்கள். போர் முடிந்த களத்தில் பட்டினிப் பேய்கள் கூழ் சமைக்கின்றன. அதற்கு முன் பல் விளக்க வேண்டுமே! விழுந்து கிடக்கும் யானையின் தந்தத்தால் பல்லை விளக்கி, அதன் விலா எலும்பால் நாக்கை வழிக்கின்றன. கூழ் ஊற்றும் பந்தியில் குருட்டுப் பேய், ஊமைப் பேய், வெளியூரிலிருந்து வந்த விருந்துப் பேய், கனவு கண்ட பேய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனிப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் கேரக்டர் ஷீட்டே போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் காலிழந்த ஜாம்பிகளை வரைந்துகொண்டிருக்கிறீர்கள்.

கருட புராணத்தைச் சாவு வீட்டில் வாசிக்கிற புத்தகம் என்று ஒதுக்கியிருப்பீர்கள். படக்காரர் கண்ணோடு ஒருமுறை திறந்து பாருங்கள். உயிர் கட்டைவிரல் அளவு. எமனூருக்குப் போகும் வழி 86,000 யோசனை தூரம். ஒரு நாளைக்கு 247 யோசனை நடை, மொத்தம் ஏறக்குறைய ஓர் ஆண்டு. வழியில் பதினாறு ஊர்கள். வீட்டில் மாதாமாதம் வைக்கிற பிண்டம்தான் அங்கே அதற்குச் சாப்பாடு. இங்கே பிள்ளை ஒரு மாதம் மறந்தால் அங்கே ஒரு கட்டைவிரல் பசியோடு நடக்கும். அந்தப் புத்தகத்தின் தண்டனைப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை; அதில் யாரை மேலே யாரைக் கீழே வைத்திருக்கிறது என்பதிலும் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் உலகத்தைக் கட்டியவன் கணக்கோடு கட்டியிருக்கிறான். தூரம், வேகம், உணவு, அளவு. உங்கள் ஏழு உலகங்களில் ஒன்றிலாவது செத்தவர் எதைத் தின்கிறார் என்று கேட்டேனானால் பதில் இருக்கிறதா?

என் மனக்குறை இதுதான். எலும்போ எமனோ, வெளியூர்ச் சரக்கோ உள்ளூர்ச் சரக்கோ, அது இரண்டாம் பேச்சு. உங்கள் உலகங்களில் சட்டம் இல்லை. எவரும் எப்போதும் வரலாம், போகலாம், பறக்கலாம், ஒளிரலாம். இறந்தவரால் செய்ய முடியாதது என்று ஒன்று இருந்தால்தான் அவர் இறந்தவர். செம்பிலிருந்து தண்ணீர் குடிக்க முடியும், மனைவியை எழுப்ப முடியாது: அய்யாவின் உலகம் அவ்வளவுதான்.

அதனால், பாலத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கோபுரம் கட்டாதீர்கள். ‘நம்ம கல்ச்சர்’ என்று எருமையும் பாசக்கயிறும் சித்திரகுப்தன் கணக்கோலையும் கூட்டி வைத்தால் அதுவும் கடைச்சரக்குதான். நம் சினிமாவும் எமலோகத்தைத் தெர்மாகோல் மேகத்தோடு பலமுறை காட்டி முடித்துவிட்டது. கவுண்டமணி எமனாக வந்த பிறகு அந்தக் கிரீடத்தை வேறு யார் வைத்தாலும் சிரிப்புதான் வருகிறது. நான் சொல்வது அதைவிடச் சின்னது. நம் வீடுகளில் இறந்தவருக்கு என்னென்ன செய்கிறோம் என்று ஒருமுறை உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறோம். எங்கே நடந்து போய்விடுவார்? நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டுகிறோம். அங்கே யாருக்குக் கொடுக்க? பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். எவ்வளவு இருட்டு அந்த வழி? கொள்ளிக்குடத்தில் மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் வடிய வடியச் சுற்றிவந்து போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரச் சொல்கிறார்கள். பார்த்தால்? அந்த ‘பார்த்தால்’ ஒன்று போதும், ஒரு படத்துக்கு.

இது ஒரு சாதிக்கோ மதத்துக்கோ சொந்தமான பேச்சில்லை. உங்களில் கிறித்துவ வீட்டுப் பிள்ளைகள் நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, கல்லறையில் புல் பிடுங்கி, கழுவி, மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பீர்கள். மெக்சிகோக்காரர்களும் அதே நாளில்தான் அதைச் செய்கிறார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் அவர்களிடம் கடன் வாங்கினீர்கள்? கபர்ஸ்தானுக்கு வாப்பாவோடு போய் மண்ணைத் தொட்டு நின்ற பிள்ளையும் அந்த அறையில் இருந்திருப்பார். சடங்கு எதுவும் வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டு, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்த பெரியாரிய வீட்டுப் பிள்ளையும் இருந்திருக்கலாம். அந்தத் தாத்தா இறந்தவர் உலகத்துக்குப் போய் ‘இது இருக்காதே’ என்று வாதாடினால் எப்படி இருக்கும்! அந்தப் படத்துக்கு முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

சிவகளை அகழாய்வில் தோண்டியெடுத்த ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முன்னாலும் ஒருத்தி, போகிறவருக்குப் பசிக்குமே என்று ஒரு பிடி போட்டிருக்கிறாள். அந்தக் கையை மட்டும் வரைய முடியுமா உங்களால்? மணிக்கட்டு வரைக்கும், வேறொன்றும் வேண்டாம்.

இனி, கோபமாகவே ஒன்று சொல்கிறேன். இரண்டு படங்களில் சுடுகாட்டில் வேலை செய்பவர் வந்தார். இரண்டிலும் சிவந்த கண், கோணல் பல், கையில் சாராயம், பின்னால் இடி. எல்லோரும் குளித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, விடிய விடிய உங்கள் தாத்தாவோடு தனியாக இருந்தவர் அவர். எரிந்து முடிகிற வரை கோல் பிடித்துத் திருப்பிவிட்டவர் அவர். பிறப்பைக் காட்டி அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு, படத்தில் அவரையே பூச்சாண்டியாக்குவது எந்த ஊர் நியாயம்? அவர் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கலாம். பறையைப் பயமுறுத்தும் சத்தமாக மட்டும் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும். இதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை, மாற்றச் சொல்கிறேன்.

ஒப்பாரி வேண்டும் என்று ஒருவர் கேட்டீர்கள். நல்லது. ஆனால் இழவு வீட்டில் போனை நீட்டாதீர்கள். ஒப்பாரி பாடுகிற பெண்கள் கலைஞர்கள். சாவில்லாத ஒருநாள் வீட்டுக்குப் போய், எதற்கென்று சொல்லி, சம்மதம் கேட்டு, காசு கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பெயரைத் தலைப்பு அட்டையில் போடுங்கள், கடைசியில் பொடி எழுத்தில் ஓட விடாதீர்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நாட்காட்டியைப் பார்த்தேன். நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). மூன்று நிமிடத்துக்கு 4,320. கையால் வரைந்து ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினாலும் 2,160 வரைய வேண்டும். முப்பரிமாணத்தில் ஒரு சட்டம் ரெண்டராகப் பத்து நிமிடம் என்று வையுங்கள். 720 மணி நேரம். ஒரு கணினி நிற்காமல் முப்பது நாள் ஓட வேண்டும், அதுவும் எதுவும் தப்பாகாமல், கரண்டு போகாமல். செத்தவர் உலகம் என்றதும் நீங்கள் போடுகிற பறக்கும் தீப்பொறி, ஆயிரம் ஆவிக்கூட்டம், பளபளக்கும் ஆறு எல்லாமே ரெண்டரைக் கொல்கிற சாமான்கள். மார்ச்சில் நீங்கள் அழுதுகொண்டு ஒவ்வொன்றாக வெட்டுவீர்கள். வெட்டி முடித்தபின் என்ன மிஞ்சும்? ஊதா வானம்.

விளக்கு ஒன்று, சுவர் ஒன்று, நிழல் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அந்த முப்பது நாளும் நடிப்புக்குக் கிடைக்கும். தோல்பாவைக்கூத்துக்காரர்கள் ஒரு வெள்ளை வேட்டிக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு மூன்று உலகத்தையும் காட்டியவர்கள். ஜெர்மனியில் லோட்டே ராய்னிகர் கறுப்புத் தாளைக் கத்தரியால் வெட்டி 1926லேயே முழுநீளப் படம் எடுத்தார். இறந்தவரைக் காட்டாமலே விடலாம். நிலைக்கதவு லேசாக அசைவது, ஊஞ்சல் பலகை ஒரு சாண் பின்னால் போவது, வாசலில் கழற்றிய செருப்பின் குழி. சத்தத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பதினொரு படத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற அதே காற்று ஊளைதான் கேட்டது.

உங்கள் ஆசிரியர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போக ஷோரீல் வேண்டும், ஷோரீலில் பளபளப்பு வேண்டும் என்கிற பயம் உங்களுடையது. அதைப் பிள்ளைகள் தலையில் இறக்குகிறீர்கள். ஆள் எடுக்கிற அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நூறு ரீலில் தொண்ணூறு ஒன்றுபோல இருக்கும்போது, ஒரு கிழவி விளக்கைத் தூண்டிவிட்டுத் தூக்கத்தில் தலை சாய்கிற பத்து நொடியைத்தான் நிறுத்தி மறுபடி போடச் சொல்வோம்.

இப்போது நான் கேட்க வந்தது. அடுத்த மறுபார்வைக்கு கேரக்டர் ஷீட் கொண்டுவராதீர்கள். மூட் போர்டு வேண்டாம். ஸ்டோரிபோர்டும் வேண்டாம். ஒரு தாள், கையால் எழுதியது, உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அந்தத் தமிழில். உங்கள் வீட்டில் இறந்த ஒருவர் யார், அவருக்கு உயிரோடு இருந்தபோது எது இல்லாமல் ஆகாது, இறந்தபின் அவரால் செய்ய முடிகிற ஒன்று எது, முடியாத ஒன்று எது. இதை உங்களுக்குச் சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள். சொன்னவரிடம் படமாக்கலாமா என்று கேட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்கள் இந்தச் சனி ஞாயிறே ஊருக்குப் போய்விடுங்கள். மடிக்கணினியை விட்டுவிட்டுப் போங்கள். துக்கம் இன்னும் ஆறாதவர்கள் யாராவது இருந்தால் உங்களை வற்புறுத்த மாட்டேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி எழுதுங்கள், அல்லது செத்துப்போன உங்கள் நாயைப் பற்றி.

நானும் ஒரு தாள் கொண்டு வருவேன். அப்பத்தா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எடுத்த அன்று இரவு விளக்கும் செம்பும் வைத்தோம். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னவள் நான்தான். நானும் தூங்கிப்போனேன். விழித்தபோது யாரோ செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தண்ணீர் எவ்வளவு குறைந்திருந்தது என்று கேட்டேன். கவனிக்கவில்லையே என்றார்கள். படத்தில் அதை எத்தனை விரற்கடையாகக் காட்டுவது என்று இன்னும் முடிவுசெய்யவில்லை.

இப்படிக்கு,
கடைசி நாற்காலியில் இருந்தவள்